மற்ற டீச்சர்

தண்ணீருக்குக் குறுக்கே தாழப் போட்ட பாதையான கிட்டங்கித் தாம்போதிக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்லியா டீச்சர் மாற்றலாகி வந்துவிட்டாள். அவளுடைய கோப்புதான் வரவில்லை. பழைய வலயக் கல்விக் கந்தோரில் கேட்டால், "நாங்க அப்பவே அனுப்பிட்டமே" என்பார்கள். புதிய வலயக் கந்தோரில் கேட்டால், "கடைசிச் சம்பளச் சான்று வராம நாங்க என்ன டீச்சர் செய்யிற" என்பார்கள். மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டிருந்தால்கூட அந்தக் கடதாசி இதற்குள் நாலு தரம் வந்து திரும்பியிருக்கும். மாதங்கள் போயின. சம்பளம் இல்லை. ஆனால் காலை ஏழரைக்கு வகுப்பில் நிற்க வேண்டும், அதில் மட்டும் யாருக்கும் மறதி வரவில்லை.

கல்முனையிலிருந்து தாம்போதி தாண்டிப் போய்வர ஓட்டோக் காசு வேண்டும். புருஷன் றிஷாட்டின் ஓட்டோவை, கடன் கட்டவில்லை என்று லீசிங்காரன் வீட்டு வாசலில் வைத்தே ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு றிஷாட் மேசன்மாருக்குக் கையாளாகப் போனான், அதுவும் மழை இல்லாத நாளில். வேறு வழியில்லாமல் பஸ்லியா பஜாரில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கினாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். முதலில் பறந்தது அவளுடைய பொறுமை.

அவள் வகுப்பு தரம் இரண்டு. அதில் றிப்தி என்று ஒரு பிள்ளை. தாய் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து அது பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதில்லை. வெளிநாட்டுக்குப் போன உம்மா என் குரலையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று அதற்கு எண்ணமோ என்னவோ. அதிபர் கேட்டாலும் பேசாது, கூடப் படிக்கிற பிள்ளைகளோடும் பேசாது. ஆனால் ஒரு நாள் பஸ்லியாவின் அருகில் வந்து, குதியை உயர்த்தி, காதுக்குள் சொன்னது.

"டீச்சர், எனக்குத் தண்ணி."

அன்றைக்கு வீடு போய்ச் சேரும் வரை பஸ்லியாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. அதற்குப் பிறகு றிப்தி தினம் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை அவள் காதுக்கு மட்டும் கொண்டுவந்து கொடுக்கும். இந்தப் பள்ளித் தவணை முடிவதற்குள் இந்தப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்க வைத்துவிட வேண்டும் என்று பஸ்லியா மனதுக்குள் உறுதி எடுத்திருந்தாள். சம்பளம் இல்லாத அந்த மாதங்களில் அவளைத் தாம்போதி தாண்டி இழுத்துக்கொண்டு போனது இந்த ஒன்றுதான்.

ஆனால் விடிய முன்னமே எழும்பி இடியப்ப உரல் பிழிந்த கையோடு, ஓட்டோக்காரனிடம் கடன் சொல்லி வந்து நிற்கிறவளுக்கு எவ்வளவு நாளைக்குத்தான் முகம் சிரிக்கும்? ஒரு நாள் றிப்தி காதருகே வந்தபோது அவள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"போய் இரி புள்ள. இண்டைக்கு என்னால ஏலா."

றிப்தி போய் வாங்கில் தன் இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அது காதருகே வரவில்லை. பஸ்லியாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. நாளைக்குக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லுவோம், நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அப்போதுதான் ஒரு கல்யாண வீட்டு இடியப்ப ஓடர் வந்தது. விட்டால் வேறு யாருக்காவது போய்விடும். ஓடரை எடுத்தால் பள்ளிக்கூடம் போக முடியாது. லீவு எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

சுபஹ் தொழுதுவிட்டு அடுப்படியில் வந்து குந்தியவளுக்கு உம்மா சொல்லித் தந்த ஒரு வழக்கம் நினைவுக்கு வந்தது. இந்தக் கரையில் எதற்கும் நிய்யத் வைப்பார்கள், இன்னதைச் செய்யப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி. நோன்பு காலத்தில் தறாவீஹ் இரவுத் தொழுகை முடிந்ததும் லெப்பை சொல்லிக்கொடுக்க, பள்ளிவாசல் நிறைந்த சனம் ஒரே குரலில் நாளைய நோன்புக்கு நிய்யத் வைக்கும். மனதில் உறுதியோடு ஒன்றைச் செய்ய நினைத்து, அதைச் செய்ய முடியாமல் போனாலும் நன்மை எழுதப்படும் என்பது உம்மாவின் வாக்கு. அது மெய்யாகவே செய்ய நினைத்தவளுக்குத்தான். போகமாட்டேன் என்று தெரிந்துகொண்டே நிய்யத் வைக்கிறவளுக்கு என்ன எழுதப்படும் என்று உம்மா சொல்லவில்லை, பஸ்லியாவும் கேட்டதில்லை.

"யா அல்லாஹ், இண்டைக்கு எண்ட வகுப்புப் புள்ளையளுக்குப் படிச்சிக் குடுக்க நிய்யத் வெச்சன்" என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு மாவை உரலுக்குள் வைத்துப் பிழிந்தாள். மனம் கொஞ்சம் லேசாகியது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

அடுத்த நாள், வயிற்றோட்டம் என்று ஒரு பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அந்தப் பொய் தேவைப்படவில்லை. அதிபர் பக்கீர் முகைதீன் சேர், "வாங்க டீச்சர்" என்றார், நேற்றும் அவளைப் பார்த்தவர் போல. வகுப்பில் கரும்பலகை முழுக்கப் பாடம் எழுதியிருந்தது. 'ண'வும் 'ன'வும் 'ந'வும் பிள்ளைகளுக்குப் பிரிந்து விளங்கும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அந்தப் பாடம் இன்னும் அவள் தொடங்காதது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குச் சுவர் கிடையாது. ஒரே நீள மண்டபம், இடுப்பளவு அரைச்சுவர், வகுப்புக்கு வகுப்பு நடுவில் ஒரு கரும்பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் தரம் மூன்று. அதன் வாத்தியார் தங்கத்துரை சேர், வீரமுனையிலிருந்து தாம்போதி தாண்டாத உள்வழியால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், எப்போதும் பகிடி. அவர்தான் பாவம் பார்த்துத் தரம் இரண்டையும் பார்த்திருக்கிறார் என்று பஸ்லியா நினைத்தாள்.

"நேத்து எண்ட புள்ளையளையும் பாத்ததுக்கு மிச்சம் நன்றி சேர்."

"நான் எங்க டீச்சர் பாத்தன்? உங்கட குரல்தான் பலகைக்கு அங்கால விடிய இருந்து கேட்டுக்கொண்டு கிடந்திச்சே. எண்ட வகுப்புப் பிள்ளையளும் உங்கட பாடத்தத்தான் கேட்டுதுகள். எனக்கு நேத்து ஓய்வு."

பகிடி விடுகிறார் என்று பஸ்லியா சிரித்தாள். அவரும் சிரித்தார்.

ஆனால் பிள்ளைகள் பகிடி விடுவதில்லை. "நேத்து நீங்க சொன்ன கதையில மிச்சத்தச் சொல்லுங்க டீச்சர்" என்று அப்ராஸ் வந்து நின்றான். என்ன கதை என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. அவளுக்கு முதுகில் ஈரத்துணி பட்டது போல இருந்தது.

அன்றைக்கே அவள் நிறுத்தியிருக்கலாம். உரலுக்குள் தலையை விட்டுவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா? கடைக்காரர் அடுத்த கிழமையும் கூடுதலாகக் கேட்டார். மறுபடி நிய்யத், மறுபடி இடியப்பம். அடுத்த நாள் போனால் மறுபடியும் பாடம் நடந்திருந்தது. பிறகு கிழமைக்கு ஒரு நாள் இரண்டாகியது, இரண்டு மூன்றாகியது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தரம் நான்கின் டீச்சருக்கும் சம்பளம் இழுபட்டு, அவர் தம்பியின் கடையில் போய் நிற்கிறார். அந்த வகுப்புப் பிள்ளைகள் நாள் முழுக்க மண்டபத்து மூலையில் கல்லாங்காய் விளையாடுகின்றன, வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைக் கல்முனைக்கு மாற்றிக்கொண்டு போகிறார்கள். பஸ்லியாவின் வகுப்பு மட்டும் முன்னேறிக்கொண்டிருந்தது.

ஒன்று மட்டும். நிய்யத் வைத்துவிட்டு வீட்டில் நின்ற நாட்களில் பின்னேரமானால் அவளுக்குத் தொண்டை கட்டிவிடும்.

"யாரோட புள்ள கத்தின, குரல் இப்பிடிப் போயிரிக்கி?" என்று றிஷாட் கேட்டான்.

அவள் ஒருவரோடும் பேசியிருக்கவில்லை. விடிந்ததிலிருந்து அடுப்போடுதான் இருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு மனிசனே வாறானில்ல. ஜின்னு வருகுதாமா? அப்பிடி வந்தா வரட்டுமே, பின்னேர ஓடரையும் எடுப்பம்."

மாரி இறுகியது. ஒரு நாள் தாம்போதிக்கு மேலால் இடுப்பளவு தண்ணீர் பாய்ந்தது. சல்வீனியாக் களையும் செத்த மாடும் சேர்ந்து போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தோணியும் விடவில்லை. அன்றைக்குப் போக நினைத்தாலும் போக முடியாது. ஆனாலும் பழக்கம் விடவில்லை, அடுப்பை மூட்டிக்கொண்டே பஸ்லியா நிய்யத்தைச் சொன்னாள்.

தண்ணீர் வடிந்து அவள் போன நாளில் தங்கத்துரை சேர் மண்டபத்து வாசலில் அவளுக்காகக் காத்து நின்றார். முகத்தில் பகிடி இல்லை.

"டீச்சர், ஒண்டு கேட்பன், கோவிக்கக் கூடாது. அண்டைக்கு வெள்ளத்துக்குள்ள எப்பிடி வந்தீங்க?"

பஸ்லியா செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

"அண்டைக்குத்தான் நான் பலகையால எட்டிப் பாத்தன். உங்கட முதுகுதான் தெரிஞ்சிச்சு. எழுதிக்கொண்டு நிண்டீங்க. பிள்ளையள் அவ்வளவும் மூச்சுக் காட்டாம இருந்துதுகள். நான் இருவது வருசமாப் படிப்பிக்கிறன் டீச்சர். தரம் ரெண்டு அப்பிடி இருக்காது."

அவர் மெதுவாகத் தன் வகுப்புக்குப் போய்விட்டார். அன்று முழுக்க அவர் பலகைப் பக்கம் நாற்காலியைப் போடவில்லை.

பஸ்லியா அப்ராஸைக் கூப்பிட்டாள். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அண்டைக்கு மழையில டீச்சர் வந்தன்தானே மகன். நனஞ்சிருந்தனா?"

"இல்ல டீச்சர். உங்கட அபாயா நனையவே இல்ல. நீங்க இண்டவல் மணியடிச்சும் ஒண்டும் சாப்பிடவும் இல்ல. நாங்க தந்ததையும் வாங்கல்ல." அவன் கொஞ்சம் யோசித்தான். "கையப் புடிச்சி எழுத வெச்சீங்க. கை சரியான குளிர்."

"பயந்தீங்களா?"

"ஏன் பயப்பிட? அண்டைக்கெல்லாம் நீங்க கோவிக்கிறல்லயே."

பிறகு அவனே சொன்னான், றிப்தி இப்போது சத்தமாக வாசிக்கிறது என்று. எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று வாசிக்கிறது, இடைவேளையில் பிள்ளைகளோடு விளையாடுகிறது, கதைத்துக்கொண்டே இருக்கிறது. பஸ்லியா திரும்பிப் பார்த்தாள். றிப்தி வாங்கில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது.

"வாங்க மகள். டீச்சருக்கு ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க."

றிப்தி எழும்பியது. புத்தகத்தைப் பிடித்தது. அவள் முகத்தையே பார்த்தபடி நின்றது. ஓர் எழுத்தும் வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் பஸ்லியாவுக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் பெரிதாக இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை. பசியில்லாத ஒருத்தி, ஓட்டோக் காசு தேவைப்படாத ஒருத்தி, களைப்போ கோபமோ வராத ஒருத்தி தன் வகுப்பில் வந்து நின்றுகொண்டு, தான் ஆசைப்பட்டதை எடுத்துவிட்டாள். நாளைக்கே இதை நிறுத்த வேண்டும் என்று சத்தியம் பண்ணினாள். விடிந்தால் அரிசிமாக் கடன்காரர் வாசலில் நின்றார். அடுத்த நாளும் வாய் தானாக நிய்யத்தைச் சொல்லியது.

பிறகு ஒரு காலையில், அவள் இடியப்பத் தட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது போன் சத்தம் கொடுத்தது. வங்கியிலிருந்து ஒரு செய்தி. கோப்பு எந்த அலுமாரியில் தூங்கியதோ, யார் தட்டி எழுப்பினார்களோ, எல்லா மாதத்துச் சம்பளமும் ஒன்றாகச் சேர்ந்து விழுந்திருந்தது. பஸ்லியா அடுப்படியில் குந்தியிருந்தே அழுதாள். பிறகு அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

"இண்டைக்கே ஏன் ஓடுற? நாளைக்குப் போனா என்ன?" என்றான் றிஷாட்.

"இல்ல. எண்ட புள்ளையள நானே போய்ப் பாக்கணும்."

போகிற வழியில் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பை டொபி வாங்கினாள். ஓட்டோக்காரனின் கடனைக் கொடுத்தாள். தாம்போதியில் மூடுபனி இன்னும் விலகவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சந்தோஷத்தில் அவள் ஒன்றை மறந்துபோனாள். விடிய அடுப்பை மூட்டும்போது அன்றைக்கும் நிய்யத் வைத்துவிட்டிருந்தாள்.

பள்ளிக்கூட முற்றத்தில் இறங்கியதும் அவள் குரல் கேட்டது. அவளுடைய குரல்தான். ஆனால் அவளுக்கே ஞாபகம் இல்லாத அளவுக்கு ஆறுதலான குரல், முதன்முதலாகப் படிப்பிக்கப் போன வருஷத்தில் இருந்திருக்கக்கூடிய குரல். அந்தக் குரல் ஒரு வரியைச் சொன்னது, இன்னொரு குரல் அதைத் திருப்பிச் சொன்னது. சின்னக் குரல், தெளிவான குரல். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. அரைச்சுவரை நெருங்கிய பிறகுதான் தெரிந்தது. றிப்தி நடுவில் எழும்பி நின்று வாசித்துக்கொண்டிருந்தது.

"மழை பெய்தது. குளம் நிறைந்தது."

பலகைக்கு முன்னால் ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். பஸ்லியா அப்போது உடுத்திருந்த அதே பழுப்பு அபாயா, தோள்மூட்டில் கிழிந்த இடத்தில் பஸ்லியா தன் கையால் போட்ட அதே கோணல் தையல். அவள் திரும்பவில்லை. திரும்பினால் என்ன முகம் இருக்கும் என்று பஸ்லியாவுக்கு நினைத்துப் பார்க்க முடியவில்லை. அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைகள் அவளைக் கண்டன. கந்தோரிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் எழும்புவது போல, எல்லாரும் ஒன்றாக எழும்பி ஒரே குரலில் ஸலாம் சொன்னார்கள். றிப்தியும் அவளைப் பார்த்தது. பார்த்த உடனே அதன் வாய் மூடிக்கொண்டது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பலகைக்கு முன்னால் நிற்பவளின் பக்கமாக ஒதுங்கியது, வேற்று ஆளைக் கண்டால் உம்மாவின் பக்கம் ஒதுங்குகிற பிள்ளை போல.

அந்த ஒதுக்கத்தைத்தான் பஸ்லியாவால் தாங்க முடியவில்லை.

"நிய்யத்த முறிச்சிட்டன், யா அல்லாஹ்" என்று வாய்க்குள் சொன்னாள். "நானே வந்திட்டன். முறிச்சிட்டன்."

பலகைக்கு முன்னால் குரல், "கொக்கு" என்று தொடங்கி அங்கேயே நின்றது. வெண்கட்டி நிலத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பஸ்லியா வாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடிவந்தபோது பலகைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் தங்கத்துரை சேரின் வகுப்பும் சத்தமில்லாமல் இருந்தது.

பிள்ளைகள் அழவில்லை, கத்தவில்லை. வெறுமையான இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ்லியா டொபிப் பையை மேசையில் வைத்தாள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

"எங்கட டீச்சர் எங்க?" என்று கேட்டது றிப்தி. எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாக.

பஸ்லியா அதன் முன்னால் முழங்காலில் இருந்தாள். "நான்தானே மகள் உங்கட டீச்சர்."

றிப்தி அவள் கண்ணையும் மூக்கையும் தலைத்துணியையும் நேரம் எடுத்துப் பார்த்தது. பொய் சொல்லத் தெரியாத குழந்தைகள் சொல்கிற மாதிரி, ஒரு கோபமும் இல்லாமல் சொன்னது.

"இல்ல. நீங்க மத்த டீச்சர்."

மற்றப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது முன்னமே தெரிந்த விஷயம். இரண்டு டீச்சர் இருக்கிறார்கள், ஒருத்தி களைத்தவள், மற்றவள் களைக்காதவள், இதில் என்ன புதுமை என்பது போல.

பஸ்லியா நிலத்தில் கிடந்த வெண்கட்டியை எடுத்து, நின்றுபோன வரியை முடித்து எழுதினாள். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். றிப்தியும் எழுதியது. மணி அடித்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது.

இப்போது சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. இடியப்ப உரலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பஸ்லியா ஒரு நாளும் லீவு எடுப்பதில்லை, கோபிப்பதில்லை, தொட்டுத் தொட்டுப் படிப்பிக்கிறாள். ஒருமுறை மனம் கேளாமல், அடுப்படியில் இருந்து பழையபடி நிய்யத் வைத்துவிட்டு வீட்டிலேயே நின்று பார்த்தாள். எட்டு மணிக்குத் தங்கத்துரை சேரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், இண்டைக்கு வரல்லயா? உங்கட வகுப்புத் தனியக் கிடக்கு. ஒரு பிள்ளையும் சத்தம் போடுதில்ல, எல்லாம் வாசலையே பாத்துக்கொண்டு இருக்குதுகள். வாங்க டீச்சர், எனக்கு அதப் பாக்க ஏலாது."

அன்றைக்கு அவள் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் வாசலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவள் நேரத்தோடு வந்து, உள்ளே போகாமல் அரைச்சுவருக்கு வெளியே கொஞ்சம் நிற்கிறாள். தன் குரல் உள்ளே கேட்காதா என்று காது கொடுக்கிறாள். அது கேட்பதில்லை. பிள்ளைகளின் இரைச்சல் கேட்கும். அதற்குள்ளே றிப்தியின் குரலும் கேட்கும், அப்ராஸோடு சண்டை பிடிக்கும், உம்மா கட்டாரிலிருந்து அனுப்பிய சப்பாத்துச் சோடியைப் பற்றிச் சொல்லும், சிரிக்கும். பஸ்லியா அதை முடிந்த மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பாள். பிறகு மணி அடிக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவாள், றிப்தி வாயை மூடிக்கொள்ளும்.